தன்னை விசாரிக்கச் சொன்ன குலவீரசிங்கம்

செய்தியை எனக்குச் சொன்னது நம்மவர் எவரும் இல்லை. அகதி வழக்குகளை விசாரிக்கும் மன்றத்தின் காத்திருப்பு அறையில், பெயர்களை வாசித்து ஆட்களை உள்ளே அனுப்பும் ஆங்கிலப் பெண்மணிதான் என் அருகே வந்து குனிந்து, "உங்கள் மிஸ்டர் சிங் இறந்துவிட்டாராமே, தெரியுமா?" என்று கேட்டார். குலவீரசிங்கம் என்ற பெயரை முழுதாகச் சொல்ல அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் நாக்கு வளைந்ததில்லை. கடைசித் துண்டை எடுத்து, அதையும் பாதியாக்கி, யாழ்ப்பாணத்து மனிதரைச் சீக்கியராக்கி வைத்திருந்தார்கள். அவரும் திருத்தவில்லை. "தலைப்பா எங்கை எண்டு கேக்காத வரைக்கும் பரவாயில்லை" என்பார். அன்று காலை எனக்கு ஒரு வழக்கில் மொழிபெயர்ப்பு வேலை இருந்தது. மதியம் வரை யாரோ ஒருவருடைய துயரத்தை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து அவருடைய மனைவி யோகா அக்காவைத் தொலைபேசியில் அழைத்த பிறகுதான் எனக்கென்று அழ நேரம் கிடைத்தது.

"நித்திரையிலையே போயிட்டார், தங்கச்சி" என்றார் அக்கா. "விடியத் தேத்தண்ணி போடுறவர் அவர்தானே. கேத்தில் சத்தம் கேக்கேல்லையே எண்டு போய்ப் பாத்தனான்."

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். இன்று நீங்கள் இந்த நாட்டில் நிம்மதியாக வீட்டு வாடகை கட்டிக்கொண்டிருப்பதற்கு அவர் வாதாடிய ஒரு மதியம் காரணமாக இருக்கலாம். இல்ஃபோர்டில் ஒரு கம்பளக் கடைக்கு மேலே இருந்த சிறிய சட்ட அலுவலகத்தில் அவர் சொலிசிட்டர், நான் மொழிபெயர்ப்பாளர். எண்பதுகளின் நடுப்பகுதியில் தொடங்கிப் போன மாதம் வரை எதிரெதிர் மேசையில் இருந்தோம். அவருடைய நல்ல குணங்களைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் அவருடைய ஒரு பைத்தியத்தைப் பற்றி மட்டும் சொல்லப் போகிறேன். அது, நீதிபதியை யார் நியமிக்கிறார்கள் என்ற கேள்வி.

வழக்குக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இண்டைக்கு இருக்கிற நீதிபதி நல்லவரோ?" குலவீரசிங்கம் அண்ணை அதற்குப் பதில் சொல்ல மாட்டார். "நல்லவரோ கெட்டவரோ எனக்குத் தெரியாது. அவரை ஆர் போட்டது, ஆர் எடுக்க ஏலும் எண்டு சொல்லுறன். அதிலையிருந்து யோசிப்பம்" என்று தொடங்குவார். பயத்தில் உள்ளங்கை வியர்த்துப்போய் இருக்கிற மனிதனிடம் இதைச் சொல்லி என்ன பயன் என்று எனக்கு எரிச்சல் வரும். "அண்ணை, அவருக்குத் தண்ணி குடுங்கோ, சட்டம் வேண்டாம்" என்பேன். தண்ணீரும் கொடுப்பார், சட்டத்தையும் விடமாட்டார்.

இங்கிலாந்தில் நீதிபதிகள் எப்படி வருகிறார்கள் என்பதை எனக்கு விளக்கியது ஒரு பேருந்தின் மேல்தட்டில். அன்றிருந்த முறைப்படி, லோர்ட் சான்சலர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் அமைச்சரவையில் இருப்பார். நாடாளுமன்றத்தின் மேல்சபைக்குத் தலைமை தாங்குவார். நீதிபதிகளுக்கும் அவர்தான் தலைவர். புதிதாக யாரையாவது நியமிக்க வேண்டுமென்றால், பழைய நீதிபதிகளிடமும் பெரிய பாரிஸ்டர்களிடமும் அந்த ஆளைப் பற்றிக் காதும் காதும் வைத்தாற்போல் விசாரிப்பார்கள். யார் என்ன சொன்னார்கள் என்பது சம்பந்தப்பட்டவருக்குத் தெரியவே தெரியாது. "மூண்டு கதிரையிலையும் ஒரே ஆள் இருக்கிறார், தங்கச்சி. எங்கட நாட்டிலை இப்பிடி இருந்தா நாங்கள் ஊர்வலம் போயிருப்பம். ஆனா இஞ்ச அரசாங்கம் கோர்ட்டிலை தோக்குது. எப்பிடி? அதுதான் எனக்கு விளங்கேல்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கடிகாரத்தைக் கழற்றி மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு பார்க்கிற ஆளின் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. நாங்கள் இறங்க வேண்டிய தரிப்பிடம் கடந்து போய்விட்டது.

அமெரிக்கா அவரைப் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகு. அங்கே மத்திய அரசின் நீதிபதியை ஜனாதிபதி தன் விருப்பத்துக்கு நியமித்துவிட முடியாது. பெயரை முன்மொழியலாம், செனட் சபை சம்மதிக்க வேண்டும் என்பதை அவர் சட்டக் கல்லூரியிலேயே படித்திருந்தார். படித்தது போதவில்லை, பார்க்க வேண்டும் என்றார். நியூ ஜேர்சியில் இருந்த தங்கையிடம் சொல்லி, அங்கே தொலைக்காட்சியில் காட்டிய, செனட்டர்கள் அப்படி ஒருவரைக் கேள்வி கேட்கும் விசாரணை ஒன்றை வீடியோவில் பதிந்து அனுப்பச் சொன்னார். கசெட் வந்தது. செவன் கிங்ஸில் இருந்த அவருடைய வீட்டில் ஆவலோடு போட்டால் திரையில் கோடுகள்தான் ஓடின. அமெரிக்கக் கசெட் இந்த நாட்டு இயந்திரத்தில் ஓடாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதை மாற்றித்தருகிற ஒரு தமிழ் வீடியோக் கடை வெம்பிளியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் கசெட்டை வாங்கிக்கொண்டு, "கலியாண வீடியோவோ அண்ணை?" என்று கேட்டார்.

"இல்லை. ஒரு நீதிபதியை விசாரிக்கினம்."

"நீதிபதி என்ன செய்தவர்?"

"ஒண்டும் செய்யேல்லை. இனித்தான் செய்யப் போறார்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தக் கசெட்டை அண்ணை, யோகா அக்கா, நான் மூவரும் பல ஞாயிறுகள் பார்த்தோம். மேசையில் ஒரு தண்ணீர்க் குடுவை, அதற்குப் பின்னால் தனியாக ஒரு மனிதர், எதிரே உயரமான இடத்தில் வரிசையாகச் செனட்டர்கள். அவர் எழுதிய தீர்ப்பு, அவர் எப்போதோ பேசிய பேச்சு எல்லாவற்றையும் கிளறிக் கிளறிக் கேட்டார்கள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. வில்லங்கமான கேள்வி வந்தால், "அப்படி ஒரு வழக்கு நாளைக்கு என் முன்னால் வரலாம், அதனால் சொல்ல முடியாது" என்று நழுவினார். அண்ணை சிரித்துச் சிரித்து இருமினார். மாநிலங்களில் இருக்கும் மத்திய நீதிமன்றத்துக்கு ஒருவரை நியமிக்கும்போது, அந்த மாநிலத்தின் இரண்டு செனட்டர்களுக்கும் நீல நிறத் தாள் ஒன்றை அனுப்பி அபிப்பிராயம் கேட்கும் வழக்கம் உண்டு என்பதையும் எங்கோ படித்து வந்து சொன்னார். அந்த நீலத் தாள் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. "தெரிஞ்ச ஆக்களைக் கேக்கினம் பாத்தியளோ?" என்றார். யோகா அக்காவுக்கு வேறு கவலை. நியமனம் கேட்டு இருந்தவருக்குப் பின்னால் அவருடைய மனைவி நாள் முழுக்க முகத்தை அசைக்காமல் இருந்தார். "அந்த மனிசிக்கு இடுப்பு நோகாதோ? அதிட்டையும் ஒரு கேள்வி கேக்கலாம்தானே" என்றார் அக்கா.

அந்தக் காலத்தில் வெம்பிளியில் எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இருந்தது. இலங்கைக்கு ஒரு சமஷ்டி அரசியலமைப்பு எழுதிக்கொண்டிருந்தோம். எழுதச் சொல்லி எவரும் எங்களைக் கேட்கவில்லை. எல்லை எங்கே, காணி யாருக்கு, பொலிஸ் யாரிடம் என்று தொண்டை கட்டும் வரை சண்டை பிடிப்போம். குலவீரசிங்கம் அண்ணை கடைசிவரை பொறுத்திருந்து, "சரி, மாநிலமும் மத்தியும் சண்டை பிடிச்சா ஆர் தீர்க்கிறது? நீதிபதி. அவரை ஆர் போடுறது?" என்று கேட்பார். தமிழ்நாட்டிலிருந்து வந்த டாக்டர் ராகவன் ஒருவர்தான் அதற்கு முகம் கொடுப்பார்.

"எங்க ஊர்ல இப்போ நீதிபதிகளே உக்காந்து நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கறாங்க, சார். அரசியல்வாதி கைக்கு எட்டாது" என்றார் டாக்டர் ஒருநாள்.

"நல்லது. அவை ஏன் இவரை எடுத்தவை, அவரை விட்டவை எண்டு ஆர் கேக்கிறது?"

"யாரும் கேக்க முடியாது" என்றார் டாக்டர்.

"அப்ப அது இஞ்சத்தை முறை மாதிரித்தான். கதவுதான் வேறை" என்றார் அண்ணை.

இந்தக் கேள்வி அவரை ஏன் இப்படிப் பிடித்து ஆட்டியது என்று நெடுங்காலம் எனக்குத் தெரியாது. ஒரு வழக்குத் தோற்றுத் திரும்பிய மாலையில், ரயிலில் அவராகவே சொன்னார். ஊரில் இளம் சட்டத்தரணியாக இருந்தபோது அவரை நீதவானாக நியமிக்கச் சொல்லிப் பெயர் மேலே போயிருக்கிறது. நிச்சயம் கிடைக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். கிடைக்கவில்லை. ஏன் என்று எவரும் சொல்லவில்லை. ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தது. ஒருவர் சாதி என்றார், ஒருவர் அரசியல் என்றார், இன்னொருவர் எந்தப் பெரிய மனிதரிடமோ வாய் காட்டியிருக்கிறாய் என்றார். "இல்லை எண்டு சொன்னது நோகேல்லை, தங்கச்சி. ஏன் எண்டு தெரியாமல் போனதுதான். றோட்டாலை போகேக்கை எதிர வாற ஒவ்வொருத்தரையும் பாத்து, இவரோ, இவரோ எண்டு யோசிச்சிருக்கிறன். நல்ல சிநேகிதரைக்கூட." அவருடைய பைத்தியத்தை நான் கிண்டல் செய்தது அன்றோடு குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது.

தொண்ணூறுகளின் நடுவில்தான் அது வந்தது. அவரை மதிக்கிற ஆங்கில பாரிஸ்டர் ஒருவர், கோப்பி குடிக்கும்போது சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்: அகதி வழக்குகளை விசாரிக்கப் பகுதிநேர நீதிபதிகள் தேவைப்படுகிறார்கள், விண்ணப்பித்துப் பாருங்கள், நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். அண்ணை அலுவலகத்துக்குத் திரும்பி வந்தபோது காது இரண்டும் சிவந்திருந்தன. தேநீரில் தோய்த்த பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்ததையும் கவனிக்கவில்லை.

"அப்ப என்ன பிரச்சினை? போடுங்கோவன்" என்றேன்.

"என்னைப் பற்றி ஆக்களைக் கேப்பினமாம். ஆரைக் கேக்கினம், என்ன சொன்னவை எண்டு நான் பாக்கலாமோ எண்டு கேட்டன். சிரிக்கிறார்."

"கிடைச்சா உங்களுக்கு ஏன் அது?"

"கிடைக்காட்டி?" என்றார். பிறகு, "கிடைச்சாலும்தான்" என்றார்.

சில வாரங்கள் அவரோடு இருப்பது பெரும்பாடாக இருந்தது. பிறகு ஒருநாள் முடிவோடு வந்தார். தன்னை முதலில் நம்முடைய ஆட்கள் விசாரிக்க வேண்டும். எல்லோருக்கும் முன்னால், முகத்துக்கு நேரே. சம்மதம் என்று கை எழும்பினால் விண்ணப்பிப்பார், எழும்பாவிட்டால் விட்டுவிடுவார். நான் தலைமை தாங்க வேண்டும். "உங்களுக்கு விசர்" என்றேன். "ஓம், அதையும் அண்டைக்குக் கேளுங்கோ" என்றார்.

ஞாயிறு பின்னேரம் செவன் கிங்ஸ் வீட்டின் முன்னறை நிறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தார், அயலவர்கள், அவர் வாதாடி மீட்ட சிலர். சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் அவர் தனியாக இருந்தார், முன்னால் தண்ணீர்க் குடுவை. நாங்கள் ஒன்றை மறந்துவிட்டோம். தமிழர்களை ஒரு அறைக்குள் கூட்டி, ஒரு மனிதரை முன்னால் இருத்தினால் என்ன நடக்கும்? ஓய்வுபெற்ற ஆசிரியர் பொன்னம்பலத்தார் பொன்னாடையோடு வந்திருந்தார். இன்னொருவர் மாலை கொண்டுவந்திருந்தார். நான் விசாரணை விதிகளை வாசித்து முடிக்க முன்னரே பொன்னம்பலத்தார் எழுந்து, "எங்கள் மண் பெற்றெடுத்த சட்ட மேதை" என்று தொடங்கிவிட்டார். பொன்னாடை தோளில் ஏறியது, கைதட்டல் எழுந்தது, யாரோ படம் பிடித்தார்கள். அடுத்தவர் எழுந்து, தான் மேலதிகமாகச் சொல்ல ஒன்றுமில்லை என்று சொல்லி நீண்ட நேரம் பேசினார்.

அண்ணை பொன்னாடையை எடுத்து மடித்துக் கதிரையில் வைத்தார். "நான் பாராட்டு விழா கேக்கேல்லை. கேள்வி கேளுங்கோ" என்றார்.

ஒரு மனிதரை அவர் வீட்டிலேயே, அவருடைய மேசைக்கு முன்னால் இருந்துகொண்டு குறுக்குக் கேள்வி கேட்க நம்மவர்களால் ஏலவில்லை. வெளியே போய்க் காருக்குள் இருந்து கேட்பார்கள், அது வேறு. கடைசியில் அவர் மீட்ட இளைஞர் ஒருவர் கை தூக்கி, "ஐயா, உங்களுக்கு எப்பிடி இவ்வளவு பொறுமை வந்தது?" என்று கேட்டார். தலைமையில் இருந்த நானே சிரித்துவிட்டேன். டாக்டர் ராகவன் மட்டும் முறையாக ஒன்று கேட்டார்: "இவ்வளவு காலம் அகதிங்க பக்கமே நின்னு பேசியிருக்கீங்க. அரசாங்கத் தரப்பு உங்களை எப்படி நம்பும்?" அதற்கு அவர் அழகாகப் பதில் சொன்னார். எதிர்த்தரப்பில் நின்றிருந்தால் தன் வழக்கை எப்படி உடைத்திருப்பேன் என்று ஒவ்வொரு முறையும் முதலில் யோசிக்கிறவன் நான் என்றார். பலர் தலையாட்டினார்கள்.

அப்போது யோகா அக்கா வடைத் தட்டோடு குசினி வாசலில் நின்றார். "நானும் கேக்கலாமோ?" என்றார்.

பொன்னம்பலத்தார் சிரித்தார். நான், "கேளுங்கோ அக்கா" என்றேன்.

அக்கா தட்டை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "எங்கட ஆள் ஒருத்தர் வாறார். சொல்லுற கதை பொய். ஆனா திருப்பி அனுப்பினா அங்கை என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது. என்ன எழுதுவியள்?"

"ஆதாரம் என்ன சொல்லுதோ அதைத்தான்."

"ஆதாரம் அவருக்கு ஒரு பக்கத்தாலையும் உதவேல்லை."

"அப்ப இல்லை எண்டு எழுதுவன்."

"எழுதிப்போட்டு வீட்டை வந்து சாப்பிடுவியளோ?"

அவர் தண்ணீரைக் குடித்தார். கசெட்டில் பார்த்த மனிதரைப் போல நழுவ அவருக்குத் தெரியும். நழுவவில்லை. "தெரியாது" என்றார்.

வாக்கெடுப்பு வைத்தேன். அறையில் இருந்த கைகள் எல்லாம் எழும்பின, அக்காவின் கையைத் தவிர. "என்ர கை எழும்பாது" என்றார் அவர். "நேர்மையிலை குறை சொல்லேல்லை. மற்ற ஆக்கள் எழுதின தீர்ப்புக்கே நாள்கணக்கா வாய் திறக்காமல் இருக்கிற மனிசன். தன்ர கையாலை ஒருத்தரைத் திருப்பி அனுப்பினா, பிறகு இந்த மனிசன் எனக்கு மிஞ்சாது. அதுதான் காரணம்."

குடும்பத்தாருக்கு வாக்கில்லை, இது கணக்கில் சேராது என்று பொன்னம்பலத்தார் எழுந்தார். சேர்த்தாலும் பெரும்பான்மை அண்ணைக்குத்தான். அமெரிக்கச் செனட்டின் கணக்குப்படி அவர் அமோகமாக வென்றுவிட்டார், நானும் அப்படித்தான் அறிவித்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "நீலத் தாள் ஏன் அனுப்புறவை? ஆளைத் தெரிஞ்சவையைக் கேக்க. இஞ்ச என்னைத் தெரிஞ்ச ஆள் ஒண்டுதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். எல்லோரும் சங்கடத்தோடு வடை சாப்பிட்டோம். வாசல் வரை என்னோடு வந்தவர், "என்ர சீவியத்திலை முதல் தடவையா ஒரு 'இல்லை' காரணத்தோட கிடைச்சிருக்கு" என்றார். அதில் வியப்பு இருந்தது. வேறு என்ன இருந்தது என்று நான் அப்போது பார்க்கவில்லை.

அவர் விண்ணப்பிக்கவில்லை. அதே மன்றங்களில், அவரைவிட வயதிலும் அனுபவத்திலும் குறைந்தவர்கள் நீதிபதியாக வந்து இருந்தபோது, அவர்களுக்கு முன்னால் எழுந்து தலை தாழ்த்தி வாதாடினார். எங்கள் சமஷ்டி வரைவில் முழுதாக எழுதி முடித்த ஒரே அத்தியாயம் நீதிபதிகளைப் பற்றியதுதான். மத்தி பெயர் சொல்ல வேண்டும், மாநிலம் பகிரங்கமாக விசாரித்துச் சம்மதிக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை அவருடைய முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். கடைசி வரி உலகத்தில் எந்த அரசியலமைப்பிலும் இல்லை என்றார் டாக்டர். "அப்ப இதிலை இருக்கட்டும்" என்றார் அண்ணை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வரியைத்தான். மொழிபெயர்ப்பு வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள், இன்னாரைப் பற்றி இரகசியமாக ஒரு அபிப்பிராயம் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்பதுண்டு. நான் முதலில் அந்த ஆளை அழைத்து, உங்களைப் பற்றி இப்படிச் சொல்லப் போகிறேன் என்று சொல்லிவிடுவேன். அதனால் எனக்குச் சிநேகிதம் குறைந்திருக்கிறது. நிம்மதி குறையவில்லை.

அதனால்தான் இந்த அஞ்சலியையும் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் செவன் கிங்ஸுக்குக் கொண்டுபோய் யோகா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "பதவி ஆசை துளியும் இல்லாத மனிதர்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதில் என்னை நிறுத்தினார்.

"அது பிழை, தங்கச்சி. அதை வெட்டுங்கோ" என்றார். "அவருக்கு அந்த வேலை சரியான விருப்பம். விசாரணைக்கு முதல் நாளே கோட்டு சூட்டைத் தோய்க்கக் குடுத்து எடுத்து வச்சிருந்தவர். கண்ணாடிக்கு முன்னாலை போட்டும் பாத்தவர். நான் பாத்தனான். பாத்துப்போட்டுத்தான் கை தூக்கேல்லை. ஆசையில்லாத மனிசன் விட்டுக்குடுத்தா அதிலை என்ன இருக்கு?"

வெட்டிவிட்டேன். குலவீரசிங்கம் அண்ணைக்கு அந்தப் பதவி மிகவும் வேண்டியிருந்தது.